உன் பரீட்சைக்காக நான் மீசைக்கு டை அடித்த கதை

அன்புள்ள தம்பி,

இங்கே அம்மாவும் அக்காவும் முழுச் சுகம். என்னைப் பொறுத்தவரை இடது முழங்காலும் முதுகும் தவிர்ந்த மற்றப் பாகங்கள் எல்லாம் சுகம். நீ மொன்றியலின் அந்தக் கோடியில், இல்-பிசாரில் உன் சிநேகிதன் வீட்டு நிலக்கீழ் அறைக்குப் போனதிலிருந்து நாங்கள் இருவரும் தொலைபேசியில் கதைப்பது எல்லாம் பனியைப் பற்றித்தான். "அங்க கொட்டினதோ?" என்று நான் கேட்பேன். "ஓம் அப்பா, கொட்டினது" என்பாய். "இங்கயும் கொட்டினது" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். மொன்றியலில் பனியே கொட்டாவிட்டால் நானும் நீயும் என்ன கதைத்திருப்போமோ தெரியாது. இப்போது பங்குனி பிறந்து பனியும் கரையத் தொடங்கிவிட்டது. இனிக் கதைக்க ஒன்றுமே மிஞ்சாது என்ற பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழும் சமயமும் கைகொடுத்தபடியால் ஏதோ மானம் தப்பியது. கணக்குப் பாடம் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டது. உனக்கும் தமிழ் வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான் வரும். பரவாயில்லை, நான் மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாக வாசி. சனிக்கிழமைகளில் அழ அழ உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றுதான் பலன் கேட்கிறேன். விளங்காத இடத்தில் அக்காவிடம் கேள். அவளிடம் கேட்க வெட்கமான இடம் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நீ அம்மாவிடம், "அப்பாவ போர்மனோட கதைக்கச் சொல்லுங்கோ, நானும் டோர்வல் எயார்போட்டுக்கு வேலைக்கு வாறன்" என்று சொல்லியிருந்தாய். நான் கதைத்தேன். ஆள் தட்டுப்பாடு, திங்கட்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு வா, பாஸ் எடுக்கிற அலுவலைத் தொடங்கலாம் என்றார். அதே திங்கட்கிழமை காலையில்தான் உன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் முறை செய்முறைப் பரீட்சை. அதற்குப் போகமாட்டாய் என்றும், அழகுக்கலைப் படிப்பே இனி வேண்டாம் என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். உன் படிப்பில் மிச்சம் இருப்பது அந்த ஒரு பரீட்சையும், கர்க்லாண்டில் ஒரு சலோனில் செய்ய வேண்டிய பயிற்சிக் காலமும்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நீ நிற்கிறாய். நின்ற இடத்தில் என்னுடைய கை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டோர்வல் வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உன்னையும் அக்காவையும் வளர்த்தது அந்த வேலைதான். ஆனால் அது என்ன வேலை என்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் எனக்கு நித்திரைதான் தெரியும். விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குளிரில் விறைத்துக் கிடக்கும் அந்தத் தகரத்துக்குள் முழங்காலில் நின்றுகொண்டு பெட்டிகளை இழுத்து அடுக்க வேண்டும். மற்றவர்கள் வெயில் தேடிக் கொண்டுபோகிற பெட்டிகளை நாங்கள் குளிரில் நின்று ஏற்றுவோம். நம்முடைய ஆட்களின் பெட்டி தூரத்திலேயே தெரியும், நாலு பக்கமும் நைலோன் கயிறு கட்டியிருக்கும். அதைத் தூக்கும்போது என்னோடு வேலைசெய்கிற ஹெயிட்டிக்காரர், "உங்களுடைய ஆட்கள் வீட்டையும் கழற்றிக்கொண்டா போகிறார்கள்?" என்று கேட்பார். அரைத்த மாவும் அம்மியும் சேர்ந்தே போகிறது என்று விளக்க என்னிடம் பிரெஞ்சு இல்லை. சிரித்து வைப்பேன். இப்போதெல்லாம் சிரிக்கவும் களைப்பாக இருக்கிறது. இந்தக் களைப்பு எனக்கு இந்த வயதில் வந்தது, உனக்கு நாளைக்கே வந்துவிடுமோ என்றுதான் யோசிக்கிறேன்.

நீ கணக்கியல் படிப்பை விட்டுவிட்டு எஸ்தெட்டிக் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் சோற்றில் கை வைத்திருந்தேன்.

"எஸ்தெட்டிக் எண்டா என்ன?"

"முகம், தோல், நகம் எல்லாம் பராமரிக்கிறது அப்பா."

"ஆருடைய?"

"வாற ஆக்களின்ர."

நான் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டேன். அது பெண்பிள்ளைகளுடைய வேலை என்று மனதுக்குள் இருந்தது உண்மை. வாயால் சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். நீ படிக்கத் தொடங்கின பிறகு ஒரு ஞாயிறு மாதா கோயில் மண்டபத்தில், மகன் இப்போது என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டபோது, "தோல் சம்பந்தமாய்ப் படிக்கிறான்" என்றேன். "அட, ஸ்கின் ஸ்பெஷலிஸ்டோ?" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிற்றுண்டித் தட்டிலிருந்த ஒரு ரோல்ஸை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஒரு மன்னார்ப் பெண் உன் முன்னால் வந்து கைச்சட்டையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். நீ குனிந்து பார்த்தாய், தொடவில்லை. "அன்ரி, இது நான் தொடக்கூடாத விசயம். டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றாய். அவள் என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணை, மகன் இன்னும் பாஸாகேல்லைப் போல" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. உன்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் உன் படிப்பின் முதற்பாடம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஸ்காபரோவில் இருக்கிற உன் மாமா ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும், "பெடியன் லைசென்ஸ் எடுத்திட்டானோ?" என்று கேட்பார். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். நீ எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினாய்: கார் ஓட்டுகிற அட்டை மாதிரி ஒன்று கியூபெக்கில் இந்த வேலைக்கு இல்லை, தொழிற்கல்வி நிலையத்தில் படித்து, ஒவ்வொரு பகுதியாகப் பரீட்சை எழுதி, செய்தும் காட்டினால் அரசாங்கம் டிப்ளோமா தரும், அது இல்லாமலும் கதவில் பலகை மாட்டலாம், ஆனால் நல்ல சலோன்காரரும் காப்புறுதிக்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், வேறு மாகாணத்துக்குப் போனால் அங்கத்தைய சட்டத்தை அங்கே கேட்டுத்தான் அறிய வேண்டும் என்று. நான் இதை மாமாவிடம் ஒப்புவித்தேன். அவர், "அப்ப லைசென்ஸ் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு எங்கள் வீடு உன் வகுப்பறையாக மாறியது. முதல் மாதங்களில் நீ ஒருவர் முகத்தையும் தொடவில்லை, கை கழுவிக்கொண்டே இருந்தாய். கத்தரிக்கோலைக் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்து, அவளுடைய மீன்வெட்டுகிற கத்தியைக் குறைசொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்து முகத் தசைகளின் பெயர்களைப் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு வருவாய். முன்னால் இருந்த மனுசி நீ செபம் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மெழுகு வைத்து மயிர் எடுக்கிற பாடம் வந்தபோது என் கால் கேட்டாய். ஒரு காலில் ஒரு கீற்று இழுத்தாய். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் மற்றக் காலைத் தரமாட்டேன் என்றேன். அந்த ஒற்றைக் காலோடு வேலைக்குப் போய், உடுப்பு மாற்றுகிற அறையில் ஹெயிட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். "மற்றது எப்போது?" என்று கோடை வரைக்கும் கேட்டார்.

இப்படியிருக்க உன் பெரிய செய்முறைப் பரீட்சை வந்தது. உயிருள்ள ஓர் ஆளைக் கட்டிலில் கிடத்தி, கேள்வி கேட்டு, விளக்கின் கீழ் தோலைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று எழுதி, பிறகுதான் முகத்தில் கை வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை, லீவு கிடைக்கவில்லை. நான் வருகிறேன் என்றேன். நீ கொஞ்சம் யோசித்தாய், நான் கவனித்தேன். பிறகு தெளிவாகச் சொன்னாய்: "அப்பா, ரெண்டு நாளைக்கு முகத்தில ஒண்டும் பூசக்கூடாது. சவரமும் வேண்டாம்." ஓம் என்றேன். முதல் நாள் பின்னேரம் கண்ணாடியில் பார்த்தால் மீசை பனி கொட்டின மாதிரி வெளுத்திருக்கிறது. அந்த வகுப்பில் உன்னைத் தவிர எல்லாரும் பெண்பிள்ளைகள். என் மகனுடைய தகப்பன் இப்படிக் கிழவனாகப் போய்ப் படுப்பதா என்று ஒரு ரோசம். தமிழ்க்கடையில் வாங்கின டை பவுடர் பக்கெட் அலுமாரியில் கிடந்தது. முகத்தில் பூசக்கூடாது என்றுதானே சொன்னாய். முகம் வேறு இலாகா, மீசை வேறு இலாகா என்று நினைத்தேன். முதலில் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசு என்று பக்கெட்டில் எழுதியிருக்குமாம். அதை யார் வாசிக்கிறது? நன்றாகப் பிடிக்கட்டும் என்று, கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு மேலேயும் விட்டேன். அக்கறையாகச் செய்தேன், தம்பி. அதுதான் சிரிப்பு.

விடிய எழும்பினால் மேலுதடு சிவந்து, இழுத்துப் பிடித்து, எரிந்துகொண்டிருக்கிறது. அம்மாவுடைய பவுடரை எடுத்து அப்பினேன். தொப்பியையும் கழுத்துத் துணியையும் மூக்கு வரை சுற்றிக்கொண்டு வந்தபடியால் மெட்ரோவில் உனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்தேன். உன் ஆசிரியை, அந்த உயரமான மதாம், தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீ வெள்ளை மேலங்கி போட்டிருந்தாய், கொஞ்சம் அந்நியனாக இருந்தாய், எனக்குப் பெருமையாக இருந்தது. முகத்தில் ஏதும் பூசினீர்களா என்று முறைப்படி பிரெஞ்சில் கேட்டாய். "நோ" என்றேன். விளக்கை இழுத்து என் முகத்துக்கு மேலே வைத்தாய். அப்படியே நின்றுவிட்டாய். பிறகு மெல்லத் தமிழில் கேட்டாய்.

"அப்பா, என்ன பூசினனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"சிவந்திருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"மாசியிலயோ?"

"உன்ர பரீட்சை இது. மதாம் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் சொல்லுறன், நீ செய்."

உன் கை என் உதட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு நீ செய்தாய். அந்தக் குருணைக் கிறீமை வைத்துத் தேய்த்தாய். நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடுவதை எப்படிக் கடிக்கிறது? உதடு வீங்கத் தொடங்கியதும் மதாம் வந்து உன் கையைப் பிடித்து நிறுத்தினார். குளிர்ந்த துணி வைத்தார்கள். நான் அதற்குள்ளிருந்து "சா வா, சா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பரவாயில்லையாம். மதாம் உன்னிடம், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அப்பா செய்யச் சொன்னார், அப்பா பொய் சொன்னார் என்று நீ சொல்லியிருக்கலாம். சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னாய். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான், ஆனால் அந்த வசனம் முழுக்க விளங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் இறங்கி எனக்குக் களிம்பு வாங்கித் தந்தாய். அடுத்த கிழமை இல்-பிசாருக்குப் போய்விட்டாய். பஸ் குறைவு, வந்து போகக் கஷ்டம் என்று அம்மாவிடம் சொன்னாய். பஸ் குறைவென்று தெரிந்துதான் அந்த இடத்தை எடுத்தாய் என்று எனக்குப் பட்டது.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மதாமைக் கண்டேன். போகிற வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன பிரெஞ்சைக் கண்டவுடன் மறந்துபோய், இங்கிலீசையும் கலந்து சொன்னேன்: பிழை என்னுடையது, டை அடித்தது நான், பவுடர் அப்பினது நான், பொய் சொன்னது நான், அவன் நிறுத்தத்தான் பார்த்தான், நான்தான் செய்யச் சொன்னேன். தயவுசெய்து பையனுக்குப் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். போர்மனிடம் ஒரு நாள் லீவு கேட்கிற மாதிரித்தான் கேட்டேன், எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"தெரியும்" என்றார் மதாம்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தமிழ் தெரியாது. கையைத் தெரியும். அவருடைய கை நின்றதைப் பார்த்தேன். அப்படியே நிற்கட்டும் என்று நானும் காத்துக்கொண்டு நின்றேன். பிறகு கை இறங்கிவிட்டது."

"தகப்பன் சொன்னால் கேட்கிற பிள்ளை அவன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதற்குத்தான் புள்ளி கொடுக்கவில்லை" என்றார்.

எனக்கு விளங்கின அளவில் பிறகு அவர் சொன்னது இது. தெரியாமல் செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் படித்தால் போதும். உங்கள் மகனுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே செய்தார். நாளைக்குச் சலோனில் படுக்கிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான், பரவாயில்லை, செய் என்பார்கள். கல்யாணம் என்பார்கள், அவசரம் என்பார்கள், ஒன்றும் பூசவில்லை என்பார்கள். அவர் உங்களிடமே முடியாது என்று சொல்லப் பழகவில்லை என்றால் அவர்களிடம் எப்படிச் சொல்வார்? கைவேலையில் உங்கள் மகன் இந்த வகுப்பில் நல்லவர்களில் ஒருவர். திங்கட்கிழமை வருவாரா?

நான் சொன்னால் வருவான் என்று வாய்வரை வந்துவிட்டது, தம்பி. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து விமானத்துக்குள் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் யோசிக்கிறேன். நீ சின்னனிலிருந்தே சொல்வழி கேட்கிற பிள்ளை. கணக்கியல் படி என்றேன், போனாய். அதை விட்டது ஒன்றுதான் நீயாகச் செய்தது. அதிலும் நான் சோற்றுக்கோப்பையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்னை இப்படிப் பழக்கியவன் நான், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஊரில் மூன்றுபேர் கேட்டால் நாலுபேருக்குச் சொல்வேன். இப்போது பரீட்சைக்குப் போ என்று எழுதத்தான் இருந்தேன். எழுதினால் நீ போவாய். அப்பா சொன்னார் என்று போவாய். விளக்குக்குக் கீழே நின்ற அதே பிள்ளையாகவே போய் நிற்பாய். அப்படிப் போய் என்ன?

அம்மா திங்கட்கிழமைக்கு லீவு எடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளாக எடுத்தாள். "அவன் வந்தா என்ர முகத்தைச் செய்யட்டும். வராட்டி மதாமோட ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன்" என்கிறாள். உன்னைப் பற்றி அவளுக்கு என்னைவிட நம்பிக்கை.

என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. போர்மனிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை விடிய நீ டோர்வலுக்கு வரவேண்டும். தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா. விமான நிலையத்துப் பஸ் நிற்கிற இடத்தில் நான் நிற்பேன். இது அப்பா சொல்லுறன், நீ வா. நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும். உன் கையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால், இந்த ஒருமுறை என்னிடம் மாட்டேன் என்று சொல். போனிலேயே சொல்லலாம். பனியைப் பற்றிக் கதைக்காமல் அதைச் சொல்.

வராவிட்டால் அப்பா கோபிப்பாரோ என்று நீ யோசிப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். கோபிக்கமாட்டேன் என்று எழுதினால் உனக்கு லேசாகிவிடும். அதனால் எழுதமாட்டேன். கோபிப்பேன் என்றே நினைத்துக்கொள். நினைத்துக்கொண்டு வராமல் இரு.

அப்பா